பழைய ஜப்பானிய வாள் கைக்கு வந்தால்: அடையாளம் காண்பது, பராமரிப்பது, வாங்குவது

கேள்வி சுருக்கமாக இது: தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இருந்தவர். அவர் கொண்டுவந்த ஜப்பானிய வாள் பரணில் கிடந்து இப்போது பேரன் கைக்கு வந்திருக்கிறது. அது உண்மையிலேயே பழைய வாள்தானா, துருவை எப்படி எடுப்பது, ஆர்வம் பிடித்துக்கொண்டதால் இன்னொன்று வாங்குவதென்றால் எங்கே தொடங்குவது?

துருவை எடுக்காதீர்கள். மற்ற எல்லாமே இதற்குப் பிறகுதான். உப்புத்தாள், பிராஸோ, புளி, எலுமிச்சை, துரு நீக்கும் அமிலம், சாணைக்காரர் எதுவும் வேண்டாம். ஜப்பானிய வாளின் மேல்தோல் மெல்லியது. பெரும்பாலான வாள்களில் வெளியே கடினமான எஃகும் உள்ளே மென்மையான இரும்பும் இருக்கும். முறையாகச் செய்யும் மெருகுகூட ஒவ்வொரு தடவையும் அந்தத் தோலில் கொஞ்சம் எடுத்துவிடும். பல தலைமுறை மெருகில் தோல் தேய்ந்து, உள்ளிரும்பு திட்டுத்திட்டாக வெளியே தெரியும் வாள்கள் ஏராளம். சாணைச் சக்கரத்தில் ஐந்து நிமிடம் காட்டினால் நூறு ஆண்டுத் தேய்மானம் ஒரேயடியாக நடந்துவிடும், முதுகுக்கும் வாய்க்கும் (வெட்டும் விளிம்புக்கும்) இடையே ஓடும் கூரான வரம்புக்கோடும் மழுங்கிவிடும். போன எஃகைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. துருப்பிடித்த வாளை வல்லுநர் மீட்டுவிடுவார். வீட்டில் தேய்த்த வாளைப் பல நேரம் அவராலும் மீட்க முடியாது.

முதலில் விலக்க வேண்டியவை

ஒரு காந்தத்தை அலகில் வையுங்கள். ஒட்டவே இல்லையென்றால் அது பெரும்பாலும் இயாய்டோ, அதாவது வாள் பயிற்சிக்காகத் துத்தநாக-அலுமினியக் கலவையில் வார்த்த கூரற்ற வாள். ஒட்டினால் அடுத்துப் பார்க்க வேண்டியது கைப்பிடி. அது உலோகத்தில் வார்க்கப்பட்டு, நாடா சுற்றியதுபோல் அச்சு ஏற்றி, மேலே வர்ணம் அடிக்கப்பட்டிருக்கிறதா? அலகில் ஹாபாக்கி என்னும் உலோகக் கழுத்துப்பட்டிக்கு அருகே எண்கள் பொறித்திருக்கின்றனவா? அப்படியானால் அது 1935இல் ஜப்பானியத் தரைப்படை அறிமுகப்படுத்திய 95ஆம் வகை, அதிகாரிக்குக் கீழ்நிலையினருக்காக இயந்திரத்தில் செய்தது. அலகின் எண்ணும் உறையின் எண்ணும் ஒன்றாக இருந்தால் சேகரிப்பாளரிடம் மதிப்பு கூடும். ஆனால் அது போர்க்கால நினைவுப்பொருள்தான், கலைவாள் இல்லை. இந்த வகைக்குப் போலிகள் சந்தையில் மிக அதிகம். எண்கள் கோணல்மாணலாக ஆழமாக வெட்டப்பட்டிருந்தாலோ, வாய்ப்பக்கம் வெள்ளையாக அலை வரைந்தது போல் இருந்தாலோ நம்ப வேண்டாம். உண்மையான 95ஆம் வகையில் அந்த அலைக் கோடே கிடையாது.

அதிகாரிகளின் வாள் வேறு. 1934இன் 94ஆம் வகையும் 1938இன் 98ஆம் வகையும் தாச்சி என்னும் பழைய நீண்ட வாளின் பாணியில் அமைந்தவை: செர்ரிப்பூ வடித்த பித்தளைப் பூண்கள், நிஜமான திருக்கைத் தோல்மேல் சுற்றிய நாடா, தோல் போர்த்த அல்லது உலோக உறை. பிடியில் தொங்கும் குஞ்சத்திலிருந்து பதவியைக்கூடச் சொல்லலாம். பழுப்பும் நீலமும் இளநிலை அதிகாரிக்கு, பழுப்பும் சிவப்பும் நடுநிலைக்கு, அவற்றோடு பொன்னிறமும் சேர்ந்தால் ஜெனரலுக்கு. சரணடையும்போது ஜப்பானிய அதிகாரிகள் வாளை நேரில் ஒப்படைக்க வேண்டும் என்று தென்கிழக்கு ஆசியக் கட்டளையகத்தின் தலைவர் மவுண்ட்பேட்டன் வலியுறுத்தினார். பர்மாவிலும் மலாயாவிலும் பணிபுரிந்தவர்களின் வீடுகளில் இந்த வாள்கள் தென்படுவதற்கு அது ஒரு காரணம். வெளிப்புறத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது. அந்தப் பூண்களுக்குள் தொழிற்சாலை அலகும் இருக்கலாம், குடும்பத்தில் நானூறு ஆண்டு இருந்த அலகும் இருக்கலாம். பரம்பரை வாளுக்குப் படைப் பூண் மாட்டிக்கொண்டு போருக்குப் போனவர்கள் உண்டு.

கழற்றும் முறை

விடை கைப்பிடிக்குள் இருக்கிறது. அலகின் அடிப்பகுதியான நாகாகோ அங்கேதான் மறைந்திருக்கிறது.

உறையிலிருந்து உருவும்போது வாய் மேல்நோக்கி இருக்கட்டும். முதுகு மட்டும் உறையின் உட்புறத்தில் வழுக்கி வரவேண்டும். பக்கவாட்டில் திருப்பினால் உறை உரசி அலகில் கீறல் விழும். இடதுகை விரல்கள் உறையில் அலகின் வாய் இருக்கும் பக்கத்தைச் சுற்றிப் பிடித்திருக்கக் கூடாது. உறை இரண்டு மரப் பலகைகளைச் சோற்றுப் பசையால் ஒட்டிச் செய்தது. பின்னாளில் பிளந்து சுத்தம் செய்வதற்காகவே வலுக்குறைந்த பசை. பழைய உறையில் அந்த ஒட்டு விட்டிருந்தால் அலகு அதன் வழியே வந்து விரலை அறுத்துவிடும். ஆரம்பநிலையாளர்களுக்கு ஏற்படும் மோசமான காயங்கள் பல இப்படி வருபவையே.

கைப்பிடியின் குறுக்கே மெகுகி என்னும் மூங்கில் ஆப்பு இருக்கும். ஒரு முனை சிறுத்தது, மறுமுனை பருத்தது. சிறிய முனையிலிருந்து தட்டினால்தான் வெளியே வரும். பித்தளைக் கம்பியோ மரக்குச்சியோ போதும், ஆணி வேண்டாம். படைவாளில் இரண்டாவது ஆப்போ திருகோ இருக்கலாம், அதையும் கவனியுங்கள். பிறகு கைப்பிடியின் நுனியை இடதுகையால் பற்றி, அலகைச் செங்குத்தாக, சற்றே சாய்த்து நிறுத்தி, வலதுகை முட்டியால் இடது மணிக்கட்டில் மெதுவாகக் குத்துங்கள். ஒவ்வொரு குத்துக்கும் அலகு கொஞ்சம் மேலே எழும்பும். தான்டோ போன்ற குட்டை வாளின் நாகாகோ சின்னது, பலமாகக் குத்தினால் அலகு ஒரே துள்ளலில் வெளியே வந்து விழுந்துவிடும். சிக்கிக்கொண்டால் சுத்தியலை எடுக்க வேண்டாம். விட்டுவிட்டு, அனுபவசாலி ஒருவரிடம் கொண்டுபோங்கள்.

பிடி கழன்றதும் சுபா என்னும் கைக்காப்புத் தகடு, அதன் இருபுறமும் உள்ள மெல்லிய தகடுகள், கடைசியாக ஹாபாக்கி என்று வரிசையாக எடுத்து, எடுத்த வரிசையிலேயே துணிமேல் வையுங்கள். அந்தத் தகடுகளின் முன்பின் மாறினால் திரும்பப் பூட்டும்போது பிடி ஆடும்.

நாகாகோ சொல்வது

இந்தப் பகுதியைத் தொட்டுப் பார்க்கலாம், தேய்க்க மட்டும் கூடாது. வாளின் வயதுக்கு முதல் சாட்சி இந்தத் துருவின் நிறம்தான். பல நூற்றாண்டு கடந்த நாகாகோ கரும்பழுப்பாக, ஆழமாக, ஏறக்குறைய வழவழப்பாக இருக்கும். 1940களில் செய்ததில் எஃகின் சாம்பல் நிறம் இன்னும் தெரியும், அங்கங்கே செம்மஞ்சள் துரு இருக்கும், அரத்தின் கோடுகள் நேற்றுப் போட்டவைபோல் கூர்மையாக நிற்கும். இந்தத் துருவைச் சுரண்டிச் சுத்தமாக்கிக் காட்டினால் வாளின் விலை பாதிக்குக் கீழே போய்விடும், அதைவிடப் பெரிய நட்டம் சாட்சியம் அழிவது. செந்துரு புதிதாகப் பொடிப்பொடியாக உதிர்ந்தால் மட்டும் எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை ஒற்றி எடுங்கள்.

சிறு முத்திரைகள் இருக்கின்றனவா பாருங்கள். ஷோவா (1926இல் தொடங்கிய சகாப்தம்) முத்திரையோ செகி நகர முத்திரையோ இருந்தால் அது பெரும்பாலும் மரபு முறையில் செய்யாத போர்க்கால அலகு. நங்கூரம் கடற்படைக்கு உரியது. ஐந்துமுனை நட்சத்திரம் மட்டும் நல்ல செய்தி: தரைப்படை ஒப்பந்தம் கொடுத்து, தாமாஹாகானே என்னும் மரபு எஃகும் வழங்கி, மரபு முறையிலேயே செய்யச் சொன்ன கொல்லர்களின் அடையாளம் அது. 1933இலிருந்து 1945 வரை தோக்கியோவின் யாசுகுனி ஆலய வளாகத்தில் செய்த வாள்களும் மரபு வாள்களே.

கையெழுத்து (மேய்) இருந்தால், அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே ஒரு தகவல். முனை மேலே இருக்கும்படி பிடியுங்கள். கையெழுத்து உங்களைப் பார்க்கும்போது வாய் இடப்பக்கம் இருந்தால் கட்டானாவின் முறை. வலப்பக்கம் இருந்தால் தாச்சியின் முறை. தாச்சியை வாய் கீழே இருக்கும்படி தொங்கவிட்டார்கள், கட்டானாவை வாய் மேலே இருக்கும்படி இடுப்பில் செருகினார்கள். இரண்டிலும் உடலுக்கு வெளிப்புறம் தெரியும் பக்கத்தில் பெயரைப் பொறிப்பது வழக்கம். விதிவிலக்குகள் உண்டு, ஹிசென் மாகாணத்துக் கொல்லர்களான தாதாயோஷி பரம்பரையினர் கட்டானாவிலும் தாச்சி பக்கத்திலேயே பொறித்தார்கள்.

கையெழுத்தில் பொதுவாக மாகாணம், ஊர், பெயர் என்று வரும். "பிஷூ ஒசாஃபுனே சுகேசதா" என்றால் பிஸென் மாகாணம், ஒசாஃபுனே ஊர், சுகேசதா. இதைப் படித்தவுடன் வாளைச் செய்தவர் யாரென்று தெரிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். முரோமாச்சி காலத்தின் பிற்பகுதியில் (15-16ஆம் நூற்றாண்டு) சுகேசதா என்ற பெயரில் டஜன் கணக்கான கொல்லர்கள் வேலை செய்தார்கள். ஓயாத உள்நாட்டுப் போருக்காகக் குவியல் குவியலாக அடித்த வாள்களிலும் அதே பெயர்தான். யோசோஸாயமோன் போன்ற தனிப்பெயரும் சேர்ந்து பொறித்திருந்தால் ஒருவருக்காகத் தனியே செய்த தரமான வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். மறுபக்கத்தில் தேதி இருந்தால் அது சகாப்தப் பெயரும் ஆண்டும். சகாப்தம் தொடங்கிய ஆண்டே முதலாம் ஆண்டு என்பதால் ஒன்றைக் கழிக்க வேண்டும்: எய்ஷோ 1504இல் தொடங்கியது, எய்ஷோ 5 என்றால் 1508. ஷோவா 17 என்றால் 1942. பழைய வாள்களில் மாதம் பெரும்பாலும் இரண்டு அல்லது எட்டு என்றே இருக்கும். அது மரபு, வாள் அந்த மாதத்தில்தான் செய்யப்பட்டது என்று கொள்ள வேண்டியதில்லை.

இனி முக்கியமான எச்சரிக்கை. புகழ்பெற்ற பெயர் இருந்தால் அது பொய்க் கையெழுத்து என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். கோதெட்சு, மாசாமுனே, முராமாசா போன்ற பெயர்கள் பல நூற்றாண்டாகவே பொய்யாகப் பொறிக்கப்பட்டு வருகின்றன. பொறித்த வரியின் உள்ளே பாருங்கள். வரிக்குள் இருக்கும் துருவும் சுற்றியுள்ள துருவும் ஒரே நிறமாக, ஒரே வயதாக இருக்க வேண்டும். பழைய துருவை வெட்டிக்கொண்டு உள்ளே வெளிறித் தெரிந்தால் கையெழுத்து பின்னால் வந்தது. இது எளிய பொய்களுக்குத்தான் உதவும். நன்றாகச் செய்த பொய்யைக் கண்டுபிடிக்க உண்மையான கையெழுத்தின் அச்சுப்படியோடு உளியடி ஒவ்வொன்றையும் ஒப்பிட வேண்டும். அதனால்தான் தேர்ந்தவர்கள் அலகை முதலில் பார்த்து, யாருடைய வேலை என்று யூகித்த பிறகே கையெழுத்தைப் பார்க்கிறார்கள்.

கையெழுத்தே இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். நீண்ட தாச்சிகளைப் பிற்காலத்தில் அடியிலிருந்து வெட்டிக் குட்டையாக்கினார்கள், கையெழுத்து அந்தத் துண்டோடு போய்விட்டது. நாகாகோவில் இரண்டு மூன்று துளைகள் இருப்பதும், வாயை ஒட்டி ஓடும் வெண்கோலம் நாகாகோவுக்குள்ளும் தொடர்வதும் அதன் தடயங்கள். மிக உயர்ந்த மதிப்புடைய வாள்களில் பல இப்படிக் கையெழுத்து இழந்தவையே.

அலகைப் படிப்பது

வகையை நீளம் சொல்லும். முதுகின் அடியில் உள்ள சிறு பள்ளத்திலிருந்து முனை வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். வளைவோடு சேர்த்து அளக்கக் கூடாது. 30.3 செ.மீ. வரை தான்டோ, அங்கிருந்து 60.6 வரை வாகிஸாஷி, அதற்கு மேல் கட்டானா அல்லது தாச்சி. ஷாகு என்னும் பழைய அளவின் ஒன்றும் இரண்டும்தான் இந்த எண்கள்.

வடிவம் காலத்தைக் காட்டும். காமாகுரா காலத் (1185-1333) தாச்சியில் வளைவு பிடியை ஒட்டிய அடிப்பகுதியில் ஆழமாக இருக்கும். 1336 முதல் 1392 வரையிலான நான்போக்குச்சோ காலத்தில் அகன்ற அலகும் பெரிய முனையும் வழக்கம். 1660களின் கான்புன் காலத்தில் வளைவு மிகக் குறைந்து, ஏறக்குறைய நேராகவே இருக்கும். 1781க்குப் பிறகு பழைய பெரிய வடிவங்களை மீண்டும் செய்தார்கள், அங்கேதான் புதியவர்கள் ஏமாறுவார்கள்: நான்போக்குச்சோ போலவே தோன்றும், தூக்கிப் பார்த்தால் கனம் கூடுதல், நாகாகோ புதிது.

அடுத்தது ஹாமொன், வாயை ஒட்டி ஓடும் வெண்ணிறக் கோலம். முதுகில் களிமண்ணைத் தடிமனாகவும் வாயில் மெல்லியதாகவும் பூசி, காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தும்போது இது உண்டாகிறது. நம் கொல்லர் அரிவாளுக்குத் தோய்ச்சல் போடும் அதே தத்துவம்தான்; இங்கே களிமண், எங்கே வேகமாகக் குளிர வேண்டும் என்று எல்லை வகுக்கிறது. வாய்ப்பகுதி வேகமாகக் குளிர்ந்து கடினமாகிறது, முதுகு மெதுவாகக் குளிர்ந்து நெகிழ்வாக நிற்கிறது. எல்லையில் பிறக்கும் கடினப் படிகங்கள் கண்ணுக்குத் தனித்தனிப் புள்ளியாகத் தெரிந்தால் நியே, பிரித்துப் பார்க்க முடியாத வெண்மையாக இருந்தால் நியோய்.

பார்க்கும் விதம்: அறையை இருட்டாக்கி ஒரே ஒரு சிறிய பல்பு மட்டும் எரியட்டும், குழல்விளக்கு உதவாது. அலகின் முனையைப் பல்பை நோக்கி நீட்டி, ஒளி அலகில் பட்டுத் தெறிக்கும் இடத்துக்குச் சற்று முன்னும் பின்னும் பாருங்கள். உண்மையான ஹாமொன் கோணம் மாறும்போது உயிர் பெறும். கோட்டுக்குள் சிறு கீற்றுகள், புள்ளிகள், மேகம்போன்ற திட்டுகள் தோன்றி மறையும். அமிலத்தில் அரித்தோ கம்பித் தூரிகையால் தேய்த்தோ வரைந்தது எந்தக் கோணத்திலும் ஒரே மங்கலான வெள்ளையாகவே கிடக்கும். எண்ணெயில் அமிழ்த்திய போர்க்கால அலகில் உண்மையான ஹாமொன் இருக்கும், ஆனால் உள்ளே எந்த அசைவும் இல்லாமல் ஒரே சீராக ஓடும். கோட்டுக்கு மேலே உள்ள பரப்பில் ஹாதா என்னும் மரரேகை போன்ற நுண்வரி தெரிந்தால் மடித்து மடித்து அடித்த எஃகு. சந்தைப் போலிகளில் இந்த வரி பளிச்சென்று, தடித்து, கறுப்பு வெள்ளையாகத் தெரியும். நல்ல வாளில் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

குறைகளில் மன்னிக்கக் கூடியவை உண்டு, மன்னிக்க முடியாதவை உண்டு. மடிப்பு சரியாக ஒட்டாமல் பரப்பில் திறந்த சிறு வெடிப்பு, கொப்புளம், உள்ளிரும்புத் திட்டு எல்லாம் விலையைக் குறைக்கும், வாளைக் கொல்லாது. ஹாகிரே அப்படியில்லை. வாயிலிருந்து செங்குத்தாக மேலேறும் மயிரிழை விரிசல் அது. வளைந்த வாளை நிமிர்த்தும்போதோ, வெட்டின் அதிர்ச்சியிலோ, தோய்ச்சலின் அழுத்தத்திலோ வருவது. பத்து மடங்கு உருப்பெருக்கியோடு வாயின் முழு நீளத்தையும் பல்பின் ஒளியில் அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். கீறலுக்கு அடி தெரியும், விரிசலுக்குத் தெரியாது. விரிசல் பெரும்பாலும் மறுபக்கத்திலும் அதே இடத்தில் இருக்கும். அடுத்தது, முனையில் ஹாமொன் இல்லாமல் போவது. முனை உடைந்து மறுபடி கூராக்கியபோது கடினப்பகுதி தீர்ந்துவிட்டால் அதை மீட்க முடியாது. மூன்றாவது, தீவிபத்தில் தோய்ச்சல் இழந்து மீண்டும் போட்ட வாள். ஹாபாக்கிக்கு அருகே வாயிலிருந்து சாய்வாக எழும் வெளிறிய நிழல் ஒன்று அதற்கு அறிகுறி. இம்மூன்றில் ஏதாவது இருந்தால் முதல் வாளாக வாங்க வேண்டாம்.

பராமரிப்பு

தேவையானவை குறைவு. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், வாசனையும் சேர்க்கையும் இல்லாத மென்தாள் அல்லது புதிதாகத் துவைத்த மைக்ரோஃபைபர் துணி, வாளுக்கான சோஜி எண்ணெய் அல்லது தூய மெல்லிய கனிம எண்ணெய். சோஜி எண்ணெய் என்பதே மணத்துக்குக் கிராம்பெண்ணெய் கொஞ்சம் சேர்த்த எண்ணெய்தான். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம். அவை நாளடைவில் காய்ந்து பிசுபிசுத்து மஞ்சள் படலமாகும்.

முதலில் ஆல்கஹால் தொட்ட தாளால் பழைய எண்ணெயை எடுங்கள். தாளை முதுகுப்பக்கமிருந்து மடித்துப் பிடித்து, ஹாபாக்கி இருந்த இடத்திலிருந்து முனை நோக்கி ஒரே திசையில் இழுக்க வேண்டும்; விரல் ஒருபோதும் வாயைக் கடக்கக் கூடாது. முன்னும் பின்னும் தேய்த்தால் தாளில் ஒட்டிய தூசு அலகைக் கீறும். பிறகு உலர்ந்த தாளால் துடையுங்கள். புதிய தாளில் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் விட்டு மெல்லிய படலமாகப் பூசுங்கள், சொட்டு திரளாமல் பளபளப்பு மட்டும் தெரிய வேண்டும். அதிகமான எண்ணெய் உறைக்குள் வடிந்து, தூசோடு சேர்ந்து, அடுத்த தடவை உருவும்போது சேறாக அலகை உரசும்.

உச்சிக்கோ என்னும் வெண்பொடிப் பொட்டலம் படங்களில் பார்த்திருப்பீர்கள். மெருகுக்கல்லின் மிக நுண்ணிய தூள் அது. ஜப்பானில் இன்றும் கற்றுத்தருகிறார்கள், நல்ல தரத்தில் கிடைத்தால் பயனும் உண்டு. என் கருத்து: ஆரம்பத்தில் தொடவே வேண்டாம். மலிவான பராமரிப்புப் பெட்டிகளில் வரும் பொடி கரகரப்பானது. நல்ல பொடியும்கூடத் திரும்பத் திரும்பப் போட்டால் மெருகின் நுட்பமான நிறபேதத்தைத் தேய்த்து ஒரே வெள்ளையாக்கிவிடும்.

புதிதாக மெருகிட்ட அலகை முதல் ஆறு மாதம் சில வாரங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பிறகு ஜப்பானில் ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை போதும். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடற்கரை ஊர்களில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது உருவிப் பாருங்கள். அலகின்மேல் பேச வேண்டாம் என்பது மரியாதைக்காக மட்டுமில்லை; எச்சில் துளி ஒரே நாளில் புள்ளித் துருவாகும். விரல் ரேகையும் அப்படித்தான். வாளைக் கிடைமட்டமாக, வாய் மேலே இருக்க, துணிப்பையில் வைத்து அலமாரியில் வையுங்கள். தோல் பையிலோ பஞ்சு நுரை வைத்த பெட்டியிலோ நீண்டநாள் வைத்தால் ஈரமும் அமிலமும் தங்கும். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. பெட்டி நிறைய சிலிக்கா ஜெல் போட்டு மிகவும் உலர்த்தினால் உறையின் மரம் சுருங்கிப் பிளக்கும். நீண்டகாலச் சேமிப்புக்கு ஷிராசாயா என்னும் அலங்காரமற்ற ஹோனோகி மர உறையே சரி.

ஆப்பு தளர்ந்திருந்தால் அதே நாளில் மாற்றுங்கள். உலர்ந்த முற்றிய மூங்கிலைச் சீவிச் செய்ய வேண்டும். இரும்பாணியோ மென்மரக் குச்சியோ வைத்தால் வாளைச் சுழற்றும்போது அலகு பிடியிலிருந்து பறந்துவிடும்.

மெருகு முறையாகப் பயின்ற தோகிஷியின் வேலை. பல ஆண்டு பயிற்சி பெற்றவர், கல்மேல் கல்லாக மாற்றி வாரக்கணக்கில் ஒரு வாளில் உழைப்பவர். கூலியை அலகின் நீளத்துக்குக் கணக்கிடுவார்கள், சாதாரண வாளில் கூலி வாளின் விலையையே தாண்டிவிடும். ஆகவே முழு மெருகுக்கு முன், ஓரிடத்தில் மட்டும் சிறு சன்னல்போல் மெருகிட்டுக் காட்டச் சொல்லிப் பார்ப்பதே விவேகம்.

வாங்குவதானால்

ஜப்பானில் விற்கும் ஒவ்வொரு வாளுக்கும் டோரோகுஷோ என்னும் பதிவட்டை இருக்கும். மாநிலக் கல்வி வாரியம் கொடுப்பது. பல விற்பனையாளர்கள் இதை "சான்றிதழுடன்" என்று எழுதுகிறார்கள். இது நம்பகச் சான்று இல்லை. ஆயுதப் பதிவு மட்டுமே. கையெழுத்து பொய்யாக இருந்தாலும் பதிவு கிடைக்கும். மரபு முறையில் செய்த வாள்களை மட்டுமே பதிவு செய்வார்கள் என்பதால், 95ஆம் வகை போன்ற தொழிற்சாலை வாளுக்கு அங்கே பதிவு கிடையாது, ஜப்பானுக்குத் திருப்பி அனுப்பவும் முடியாது.

நம்ப வேண்டிய காகிதம் வேறு. 1948இல் தொடங்கிய ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் நான்கு படிகளில் சான்று தருகிறது: ஹோசோன், தோகுபெட்சு ஹோசோன், ஜூயோ, தோகுபெட்சு ஜூயோ. 1982க்கு முந்தைய வெள்ளை, பச்சைக் காகிதங்களில் தவறானவையும் போலிகளும் கலந்திருந்ததால் அவற்றை நம்பி விலை கொடுக்க வேண்டாம். சான்றில் ஒட்டிய நாகாகோவின் படத்தைக் கையிலிருக்கும் நாகாகோவோடு துளை துளையாக, துருத் திட்டு திட்டாக ஒப்பிடுங்கள். வேறு வாளின் சான்றை ஒட்டி விற்பதும் நடக்கிறது.

முதல் வாளுக்கு என் பரிந்துரை, ஹோசோன் சான்றுள்ள, நல்ல மெருகில் உள்ள, கையெழுத்தில்லாத வாகிஸாஷி. அதே தரத்துக் கட்டானாவின் விலையில் பாதிகூட இருக்காது, சில லட்சம் யென்னில் கிடைக்கும். கற்றுக்கொள்ள வேண்டியது எல்லாமே அதிலும் இருக்கிறது. துருப்பிடித்த, சான்றில்லாத வாளைக் குறைந்த விலைக்கு ஏலத்தில் எடுத்து மெருகிட்டால் பொக்கிஷம் கிடைக்கும் என்ற எண்ணத்தில்தான் புதியவர்களின் பணம் அதிகம் போகிறது. ஜப்பானிலேயே ஏலத்துக்கு வரும் அத்தகைய வாளை அதற்கு முன் பல தேர்ந்த கண்கள் பார்த்து ஒதுக்கியிருக்கும்.

வாங்குவதற்கு முன் முடிந்தவரை நல்ல வாள்களைப் பாருங்கள். தோக்கியோ ரியோகோக்கு பகுதியில் உள்ள வாள் அருங்காட்சியகம், தோக்கியோ தேசிய அருங்காட்சியகம், ஒக்காயாமா மாநிலம் செதோஉச்சி நகரிலுள்ள பிஸென் ஒசாஃபுனே வாள் அருங்காட்சியகம் மூன்றும் அவசியம். சான்சோமோ என்னும் தேசியப் பொக்கிஷ வாளை அந்தச் சிறு நகரம் பொதுமக்களிடம் நிதி திரட்டி 50 கோடி யென்னுக்கு 2020இல் வாங்கி, அது பிறந்த மாகாணத்துக்கே கொண்டுவந்தது. கண்ணாடிக்கு முன் முழங்காலை மடித்து, விளக்கின் தெறிப்பு அலகில் விழும் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனால்தான் ஹாமொன் தெரியும். நின்றபடி பார்த்தால் வெறும் இரும்பு.

ஜப்பானிலிருந்து கொண்டுவர கலாசார முகமையின் ஏற்றுமதி அனுமதி வேண்டும். விற்பனையாளரே வாங்கித் தருவார், சில வாரம் ஆகும், பதிவட்டை அங்கேயே ஒப்படைக்கப்படும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வாள்களையும் தொடுகிறது. 9 அங்குலத்துக்கு மேற்பட்ட அலகு அதன் விதிகளில் ஆயுத வகையில் வருகிறது, இறக்குமதிக்கு உரிமம் தேவை. அதனால் பணம் அனுப்பும் முன்பே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் சுங்கத்திலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். நூறு ஆண்டு கடந்த பொருளை இந்தியாவிலிருந்து தனியார் ஏற்றுமதி செய்ய 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. தாத்தாவின் வாளை மெருகுக்கு ஜப்பான் அனுப்பும் எண்ணமிருந்தால் முதலில் தொல்லியல் துறையின் கருத்தைப் பெறுங்கள்.

அந்த வாளைப் பற்றிக் கருத்துக் கேட்க விரும்பினால், இவற்றை அனுப்புங்கள்: நேர்கோட்டில் அளந்த நீளம், அடியிலும் முனையருகிலும் அகலம், முதுகின் தடிமன், எல்லாவற்றையும் கழற்றிய முழு அலகின் படம், நாகாகோவின் இரு பக்கமும், முனை மேலே இருக்கும்படி, கறுப்புத் துணியில் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழ, நேர் மேலிருந்து எடுத்த படங்கள், முனையின் நெருக்கப் படம். கைபேசியின் ஃபிளாஷ் வேண்டாம், அது உளியின் வரிகளை அழித்துவிடும்.